தில்லியிலிருந்து பனிச்சறுக்குக்கு: பிக்கப் வண்டியைத் தயார்செய்யும் முறை

பனிச்சறுக்குக்கு பிக்கப் வண்டியைத் தயார்செய்யக் கிளம்பும் பலரும் முதலில் படுக்கையைத்தான் யோசிக்கிறார்கள். யோசிக்க வேண்டியது ஈரத்தை. குளிருக்கு ரஜாய் உண்டு, நல்ல ஸ்லீப்பிங் பேக் உண்டு. ஆனால் நனைந்த பூட்ஸும் ஊறிய கையுறையும், இரவெல்லாம் விட்ட மூச்சு கூரையில் உறைந்து காலையில் முகத்தில் சொட்டுவதும் சேர்ந்தால் இரண்டாம் நாள் சறுக்கப் போகவே மனம் வராது. அதனால் இந்த வழிகாட்டி பிக்கப்பை முதலில் சாமான் அறையாகவும், அதற்குப் பிறகே படுக்கும் இடமாகவும் பார்க்கிறது.

தில்லியிலிருந்து போகிறவர்களுக்கு இடங்கள் மூன்று: உத்தராகண்டின் ஔலி, இமாச்சலின் சோலாங், காஷ்மீரின் குல்மர்க். ஔலிக்கு ரிஷிகேஷ், தேவப்பிரயாகை, கர்ணப்பிரயாகை வழியே ஜோஷிமட் வரை சுமார் 500 கிலோமீட்டர். சோலாங்குக்கு அருகிலுள்ள மணாலியும் கிட்டத்தட்ட அதே தூரம். குல்மர்க் 800-ஐத் தாண்டிவிடும். மூன்று வழியிலும் பனியோ மண்சரிவோ சாலையை மூடக்கூடும். உத்தராகண்ட் மலைச்சாலைகளில் இரவுப் போக்குவரத்தைச் சோதனைச்சாவடியிலேயே நிறுத்திவிடுவார்கள். வண்டிக்குள் படுக்கிற ஏற்பாடு பெரும்பாலும் இப்படி மாட்டிக்கொள்ளும் இரவுக்குத்தான் கைகொடுக்கும். மற்ற இரவுகளில் விடுதி அறை எடுத்துக்கொள்வதில் கௌரவக் குறைச்சல் எதுவும் இல்லை.

எந்த வண்டி

இசுசு டி-மேக்ஸ் வி-கிராஸ், டொயோட்டா ஹைலக்ஸ் போன்ற இரட்டை கேபின் பிக்கப்பையே இங்கே எடுத்துக்கொள்கிறோம். இவற்றைத் தனியார் வண்டியாகப் பதியலாம், 4×4 கிடைக்கும். குறை, பின்தொட்டியின் நீளம். அது ஏறத்தாழ ஒன்றரை மீட்டர்தான். ஐந்தடி எட்டங்குல ஆள் நேராகக் கால் நீட்ட முடியாது. மூலைவிட்டமாகப் படுத்தால் ஒருவர் படுக்கலாம், இருவர் முடியாது. இருவர் என்றால் ஒருவர் பின்னால், ஒருவர் முன்சீட்டைச் சாய்த்து. கூரைக் கூடாரம் போட்டால் இருவருக்கும் இடம் வரும். ஆனால் அதன் எடையும் உயரமும் பனிச்சாலைக்கு ஒத்துவராது. காரணம் எடைக் கணக்கில் வருகிறது.

ஒற்றை கேபின் சரக்கு பிக்கப்பில் தொட்டி நீளம்தான். ஆனால் அது மஞ்சள் பலகை வண்டி. பர்மிட், மாநில வரி, ஓடும்போது பின்னால் ஆள் உட்காரக் கூடாது என்ற விதி எல்லாம் கூடவே வரும். புதியவர்கள் அதைத் தொடாமலிருப்பது நல்லது.

பழைய வண்டி வாங்கும் எண்ணமிருந்தால் ஒன்று பாருங்கள். காற்று மாசு அதிகமாகி, கிராப் எனும் மாசுக் கட்டுப்பாட்டுத் திட்டத்தின் மூன்றாம் நிலை அமலுக்கு வந்தால் தில்லி, குருகிராம், ஃபரிதாபாத், காஸியாபாத், நொய்டா பகுதிகளில் பி.எஸ்-4 புகைத் தரத்து டீசல் கார், பிக்கப்புக்குத் தடை வரும். அது வருவதும் டிசம்பர், ஜனவரியில், அதாவது சறுக்கு சீசனில். பி.எஸ்-6 வண்டியாக வாங்குங்கள்.

எடைக் கணக்கு

இந்தக் கணக்கைப் போடாமலே கிளம்புகிறவர்கள்தான் அதிகம். ஆர்.சி.யில் (பதிவுச் சான்றில்) வண்டியின் வெற்று எடையும் மொத்த எடை வரம்பும் அச்சிட்டிருக்கும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் நீங்கள் ஏற்றக்கூடியது. ஓட்டுநரின் எடையும் இதற்குள்தான், வெற்று எடையில் அவர் சேரமாட்டார்.

வித்தியாசம் 450 கிலோ என்று வைத்துக்கொள்வோம். குளிர் உடுப்போடு இரண்டு பேர் 150. பின்தொட்டியை மூடும் ஃபைபர் கேனோபி 70. பிளைவுட் மேடையும் தடுப்புகளும் 60. பேட்டரி, சார்ஜர், கேபிள் 20. ஹீட்டரும் அதன் 5 லிட்டர் டீசலும் 12. இருவரின் ஸ்கீ, பூட்ஸ், ஹெல்மெட், உடுப்பு 40. தண்ணீர் 20. அடுப்பும் சாப்பாடும் 20. சக்கரச் சங்கிலி, மண்வெட்டி, இழுவைக் கயிறு 20. படுக்கை 12. மொத்தம் 424. மிச்சம் 26 கிலோ. இதில் 60 கிலோ கூரைக் கூடாரம் எங்கே ஏறும்? மூன்றாவது ஆள் எங்கே உட்காருவார்?

எல்லாம் பொருத்தியபின் நெடுஞ்சாலை ஓரத்து தர்ம காண்டாவில் (எடைமேடையில்) ஒருமுறை நிறுத்துங்கள். முழு வண்டியை ஒருமுறை, பின் அச்சு மட்டும் மேடையில் நிற்கும்படி இன்னொரு முறை. பின் அச்சின் வரம்பு கையேட்டில் இருக்கும். கனமான சாமான்கள் பின் அச்சுக்கு முன்னால், கேபினை ஒட்டி, தாழ்வாக இருக்க வேண்டும். அச்சுக்குப் பின்னால், டெயில்கேட்டை (தொட்டியின் பின்பலகையை) ஒட்டி ஏற்றினால் முன்சக்கரத்தின் பாரம் குறையும். காய்ந்த தாரில் அது தெரியாது, பனி மூடிய வளைவில் ஸ்டியரிங்கைத் திருப்பியும் வண்டி நேராகப் போகும்போதுதான் தெரியும்.

கேனோபி

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, ஆர்.சி. விவரங்கள் தயாரிப்பாளர் கொடுத்த அசல் விவரங்களிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019-இல் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிப்படுத்தியது. ஆகவே நமக்கு ஒரே விதி: வெட்டாதே, வெல்டு வைக்காதே, எல்லாம் கழற்றும்படி இருக்கட்டும். கேனோபியை கிளாம்பில் மட்டும் பிடிக்கவைத்து, மேடையைத் தொட்டியின் கொக்கிகளிலேயே கட்டுங்கள். வேண்டாதபோது கழற்றி வைக்கலாம், விற்கும்போதும் வசதி. கேனோபியை இன்சூரன்ஸ் பாலிசியில் கூடுதல் சாமானாக எழுதிவையுங்கள். இல்லாவிட்டால் உடைந்தால் அதற்குப் பணம் வராது.

பக்கக் கண்ணாடி திறக்கும் கேனோபியாக வாங்குங்கள். பின்கதவு வழியாக மட்டும் எல்லாவற்றையும் எடுப்பது என்றால் ஒரு கையுறைக்காக முழங்காலிட்டு உள்ளே ஊர வேண்டும்.

வாங்கி மாட்டியதும் உள்ளே ஒருவரை டார்ச்சோடு உட்காரவைத்து, வெளியே குழாய்த் தண்ணீரைப் பத்து நிமிஷம் அடியுங்கள். கசிவது பெரும்பாலும் இரண்டு இடத்தில்: கேனோபியும் கேபினின் பின்புறமும் சந்திக்கும் முன்மூலைகள், டெயில்கேட்டின் கீழ்க்கீல். இரண்டாவதுதான் மோசம். ஓடும் வண்டியின் பின்னால் காற்றழுத்தம் குறைந்து தூசியையும் பனித்தூளையும் அந்த இடுக்கு வழியே உள்ளே இழுக்கும். டெயில்கேட்டின் இரு பக்கமும் கீழும் 'டி' வடிவ ரப்பர் பட்டை ஒட்டினால் நிற்கும். ஒட்டுமுன் அந்த இடத்தை ஸ்பிரிட் தொட்டுத் துடைக்க வேண்டும். மெழுகு பாலிஷ் மேல் ஒட்டிய பட்டை ரிஷிகேஷ் தாண்டுவதற்குள் தொங்கும்.

குளிர் செய்யும் வேறு சில குறும்புகளும் உண்டு. பின்கதவைத் தூக்கி நிறுத்தும் வாயு ஸ்டிரட்டுகள் கடுங்குளிரில் பலம் இழந்து கதவு தலையில் இறங்கும். சரியான நீளத்தில் ஒரு மரக்கோல் வெட்டிக் கதவோரம் செருகி வையுங்கள். பூட்டுத்துளைக்குள் ஈரம் உறைந்தால் சாவி நுழையாது, நுழைந்தாலும் திரும்பாது. கிளம்புமுன் கிராஃபைட் தூள் ஊதுங்கள். வெந்நீர் ஊற்றிவிடாதீர்கள், ஐந்து நிமிஷத்தில் அதுவும் உறைந்து இன்னும் இறுகும். கதவு ரப்பர்களில் சிலிக்கோன் தடவினால் ஒட்டிக்கொள்ளாது.

மேடை

தில்லி கீர்த்தி நகரில் பி.டபிள்யூ.பி. (கொதிநீரையும் தாங்கும்) தர பிளைவுட் வாங்குங்கள், ஐ.எஸ். 710 முத்திரை பார்த்து. 12 மி.மீ. போதும். எட்டுக்கு நாலு ஷீட் ஒன்று சுமார் 25 கிலோ. 18 மி.மீ. போடுங்கள், உறுதியாக இருக்கும் என்று மிஸ்திரி சொல்வார். அதே ஷீட் 37 கிலோவாகும். உறுதி பலகையின் கனத்தில் வருவதைவிடக் கீழே கொடுக்கும் குறுக்குச் சட்டத்தில்தான் வரும்.

தொட்டியைக் கழுவி, மூலைகளில் உள்ள வடிகால் துளைகள் திறந்திருக்கின்றனவா என்று கம்பி விட்டுப் பாருங்கள். அதன்மேல் வரிவரியான ரப்பர் விரிப்பு. வரிகள் டெயில்கேட் பக்கம் ஓட வேண்டும், உருகும் நீர் அந்த வழியே வடியும். கார்பெட் வேண்டவே வேண்டாம், ஒருமுறை நனைந்தால் பயணம் முடியும்வரை காயாது.

பிறகு அட்டைப்பெட்டியைக் கிழித்து வடிவம் எடுங்கள். தொட்டியின் பக்கச்சுவர்கள் நேராக இருப்பதில்லை, மேலே போகப்போக விரியும். டேப் அளவை மட்டும் நம்பி அறுத்தால் ஒரு பக்கம் இடிக்கும், ஒரு பக்கம் இரண்டு விரல் இடைவெளி நிற்கும். மேடையின் உயரம் சக்கர வளைவுக்கு மேல் இரண்டு விரல். அப்போதுதான் முழு அகலமும் கிடைக்கும், மூலைவிட்டமாகப் படுக்க முடியும். அதற்கு மேல் கேனோபிக் கூரை வரை உட்கார இடம் இருக்காது, தவழத்தான் முடியும். அதைத் தவிர்க்க மேடையைத் தாழ்த்தினால் படுக்கும் அகலம் போய்விடும்.

மேல்பலகையை மூன்று துண்டாக, ஒவ்வொன்றும் அரை மீட்டர் அகலத்தில், குறுக்காக வைத்து அறுங்கள். ஒவ்வொன்றும் தனியே தூக்கும்படி இருக்க வேண்டும். அப்படி வெட்டினால் ஒரு ஷீட்டில் இரண்டு துண்டுதான் தேறும். இரண்டு ஷீட் வாங்குங்கள், மிச்சம் பேட்டரிப் பெட்டிக்கும் ஜன்னல் அடைப்புக்கும் தடுப்புகளுக்கும் ஆகும். துண்டுகள் சந்திக்கும் கோடுகளின் கீழே 40 மி.மீ. அலுமினியச் சட்டம். எல்லாம் போல்ட், நைலான் பூட்டு நட்டு. ஆணியும் மரத்திருகும் மலைச்சாலைக் குலுக்கலில் தளரும். படுக்கை வரும் இடத்தில் 15 செ.மீ.க்கு ஒன்றாக 20 மி.மீ. துளை போட்டால் மெத்தைக்குக் கீழே காற்று போகும். அதுவே துண்டைத் தூக்க விரல்பிடியும் ஆகும். வெட்டிய ஓரங்களுக்கும் துளைகளின் உட்புறத்துக்கும் இரண்டு கை பி.யு. (பாலியூரித்தேன்) பூச்சு கொடுங்கள். எந்த நல்ல பிளைவுட்டும் தண்ணீர் குடிப்பது ஓரத்தில்தான்.

இழுப்பறை பார்க்க அழகு. ஆனால் அதன் எஃகுத் தண்டவாளமும் பெட்டியும் 25 கிலோவைத் தின்னும், இடுக்கில் பனித்தூள் புகுந்து உறைந்தால் திறக்காது. மூடி வைத்த பிளாஸ்டிக் கிரேட்டுகளைத் தள்ளி இழுப்பதே மேல். கிரேட்டுகள் முன்னால் பாயாதபடி 25 மி.மீ. ராட்செட் பட்டையால் கட்டுங்கள்.

நனைந்தது ஒரு பக்கம், காய்ந்தது மறுபக்கம்

முதல்முறை போகிறவர்களுக்கு ஒரு யோசனை: ஸ்கீ பலகையை ஔலியிலோ குல்மர்க்கிலோ வாடகைக்கு எடுங்கள், பூட்ஸ் மட்டும் சொந்தமாக வாங்குங்கள். பலகை கொஞ்சம் முன்பின் இருந்தாலும் சமாளிக்கலாம், பிறர் காலுக்குப் பழகிய பூட்ஸில் முடியாது. 160, 170 செ.மீ. பலகை ஒன்றரை மீட்டர் தொட்டியில் நேராகப் போகாத தலைவலியும் மிச்சம்.

சொந்தப் பலகை உள்ளவர்கள் அதைக் கேனோபிக் கூரைக்கு அடியில் மூலைவிட்டமாக இரண்டு பட்டைத் தொட்டிலில் தொங்கவிடலாம். வாங்குமுன் அந்த மூலைவிட்டத்தை அளந்து பாருங்கள், கேனோபி மேலே குறுகுவதால் எண்ணியதைவிடக் குறைவாகவே வரும். நுழையவில்லை என்றால் கேனோபிமேல் குறுக்குக் கம்பி போட்டு, உறையிலிட்டுக் கட்டுங்கள். உறை கட்டாயம். மலைச்சாலைச் சேறு, பூட்ஸைப் பலகையோடு பிடிக்கும் பைண்டிங்குக்குள் போய்க் காய்ந்தால் அது சரியான நேரத்தில் விடாது, முழங்காலுக்கு ஆபத்து. பலகையின் எஃகு விளிம்பு ஈரத்தோடு உறைக்குள் கிடந்தால் ஒரே ராத்திரியில் துருப்பிடிக்கும். சறுக்கி முடித்ததும் பழைய பனியன் துணியால் விளிம்பைத் துடைத்துவிட்டு உள்ளே வையுங்கள்.

தொட்டியை நெடுக்காக இரண்டாகப் பிரியுங்கள். ஒரு பக்கம் நனைந்த சாமான்: திறந்த வலைக்கூடை, கீழே ரப்பர் விரிப்பு, வடிகாலுக்கு நேர்வழி. மறுபக்கம் காய்ந்தது: மூடிய கிரேட், படுக்கை, மாற்றுடுப்பு. நடுவில் மேடை உயரத்துக்கு பிளைவுட் தடுப்பு. இந்தத் தடுப்பு இல்லாத வண்டியில் மூன்றாம் நாள் எல்லாமே நனைந்தது என்ற ஒரே கணக்கில் சேர்ந்துவிடும்.

பூட்ஸ் மட்டும் இந்த இரண்டிலும் சேராது. இரவில் தொட்டியில் விட்டால் அதன் பிளாஸ்டிக் விறைத்துக் காலையில் கால் நுழையாது. பக்கிளைப் பல்லைக் கடித்து இழுத்தாலும் மேல் ஓடு ஒரு விரல்கூட விரியாது. ஓட்டும்போது முன்சீட்டின் கால்பகுதியில், கேபின் ஹீட்டர் காற்று படும்படி வையுங்கள். மாலையில் உள்ளுறையைக் கழற்றி, செய்தித்தாள் திணித்து, ஒரு மணி நேரம் கழித்துத் தாளை மாற்றி, படுக்கும்போது உறையை ஸ்லீப்பிங் பேக்கின் கால்மாட்டில் போட்டுக்கொள்ளுங்கள். கை பொறுக்கும் சூட்டுக்கு மேல் காட்டக் கூடாது, உள்ளுறை உருக்குலையும். அடுப்பருகே வைத்துக் கெடுத்தவர்கள் நிறைய.

மண்வெட்டி, சங்கிலி, டார்ச் மூன்றும் டெயில்கேட்டைத் திறக்காமல் பக்கக் கண்ணாடி வழியாகவே எடுக்கும்படி இருக்க வேண்டும். பனியில் புதைந்த வண்டியின் டெயில்கேட்டைத் திறக்க முதலில் மண்வெட்டி வேண்டியிருக்கும்.

சூடும் காற்றும்

முதலில் எதைச் செய்யவே கூடாது என்பது. அங்கீட்டி (குளிர்காயும் கணப்பு), கரி அடுப்பு, கேஸ் ஹீட்டர், சமையல் அடுப்பு எதையும் மூடிய கேனோபிக்குள் எரிக்காதீர்கள். மூடிய அறையில் அங்கீட்டி வைத்துத் தூங்கி இறந்தவர்கள் செய்தி தில்லியில் குளிர்காலம்தோறும் வருகிறது. கார்பன் மோனாக்ஸைடுக்கு மணமில்லை, தூக்கத்தில் எழுப்பாது. எஞ்சினை ஓடவிட்டுத் தூங்குவதும் அதே அபாயம்தான், பனி புகைக்குழாயை மூடிவிட்டால் வண்டிக்குள் புகை ஏறும். எந்த ஹீட்டர் இருந்தாலும் தலைமாட்டில் ஒரு கார்பன் மோனாக்ஸைடு அலாரம் இருக்க வேண்டும். அதற்குப் புது பேட்டரி போட்டுக் கிளம்புங்கள்.

பொருத்தமானது டீசல் காற்று ஹீட்டர். இதில் எரிவது ஓர் அறை, நமக்கு வரும் காற்று வேறொரு அறை, இரண்டும் கலப்பதில்லை. இவ்வளவு சிறிய இடத்துக்கு 2 கிலோவாட் தாராளம். 5 கிலோவாட் வாங்கினால் அதை எப்போதும் குறைத்தே ஓட்ட வேண்டிவரும், அப்படி ஓட்டினால் உள்ளே கரி படியும்.

ஹீட்டரைத் தொட்டிக்குள் பொருத்துவதானால் தரையில் துளை போட வேண்டும். அதைவிட, எல்லாம் ஒரே பெட்டிக்குள் அடங்கிய மாதிரியை வாங்கி, வண்டி நின்றபின் வெளியே தரையில் வையுங்கள். பக்கக் கண்ணாடியைத் திறந்து, அந்த இடத்துக்கு அளவாக வெட்டிய பிளைவுட் அடைப்பைச் செருகி, அதில் போட்ட வட்டத்துளை வழியே 75 மி.மீ. சூட்டுக்குழாயை உள்ளே விடுங்கள். இதில் இரட்டை லாபம். புகை வெளியிலேயே நிற்கும். ஹீட்டர் இழுப்பதும் வெளிக்காற்று. உறைகுளிர்க் காற்றில் ஈரம் மிகக் குறைவு, அதைச் சூடாக்கி உள்ளே தள்ளினால் உள்ளே இருக்கும் ஈரக்காற்று மேல் துவாரம் வழியே வெளியேறும். கையுறையும் உள்ளுறையும் காய்வது இந்தக் காற்றில்தான். புகைக்குழாயின் வாய் காற்று உறிஞ்சும் வாயிலிருந்து எதிர்ப்பக்கம் நோக்கி, பனிக்குவியலில் புதையாதபடி இருக்கட்டும். பனி பெய்யும் இரவில் இடையில் ஒருமுறை எழுந்து பார்த்தே ஆக வேண்டும்.

இனி உயரம். இந்த ஹீட்டர்களின் சாதாரண அமைப்பு சுமார் 1,500 மீட்டர் வரைக்குமானது. ஔலிச் சரிவுகள் 2,500-இலிருந்து 3,000 மீட்டர் வரை, குல்மர்க் ஊர் 2,650 மீட்டர். 3,000 மீட்டரில் காற்றழுத்தம் சுமார் 30 சதவீதம் குறைவு. டீசல் அதே அளவு வந்து காற்று குறைந்தால் அரைகுறையாக எரியும், வெள்ளை அல்லது கறுப்புப் புகை வரும், கரி அடைத்து மறுநாள் பற்றாது. உயர ஏற்பாடு உள்ள மாதிரியா, அல்லது பம்பின் வேகத்தைக் குறைக்க வழி உண்டா என்று கேட்டு வாங்குங்கள். எதுவானாலும் அணைக்குமுன் இருபது நிமிஷம் முழு வேகத்தில் ஓட்டினால் படிந்த கரி எரிந்துபோகும். அணைத்தவுடன் மின்சாரத்தைத் துண்டிக்காதீர்கள், அது தானே குளிர்ந்து நிற்க விடுங்கள்.

ஹீட்டர் இல்லாத இரவிலும் காற்றோட்டம் வேண்டும். ஓர் ஆள் ஒரு ராத்திரியில் மூச்சிலும் வியர்வையிலும் கால் லிட்டருக்குக் குறையாத நீரை விடுகிறார். கீழே ஒரு துவாரம், மேலே எதிர்மூலையில் ஒரு துவாரம், ஒவ்வொன்றும் உள்ளங்கை அளவு. குளிருகிறது என்று துணி திணித்து அடைத்தால் விடிகாலையில் கூரை முழுக்க உறைபனி. கூரைக்கும் பக்கங்களுக்கும் ஏ.சி. குழாய்க்குப் போடும் நைட்ரைல் ரப்பர் ஷீட்டை 13 மி.மீ. கனத்தில் இடைவெளி விடாமல் ஒட்டுங்கள். தெர்மகோல் வேண்டாம், அதன் பின்னால் ஈரம் தங்கும். உடலுக்கு அடியிலிருந்து வரும் குளிர்தான் அதிகம் வருத்தும், 5 செ.மீ. மெத்தைக்குக் கீழே ஒரு மூடுகண் (closed-cell) ஃபோம் விரிப்பு போடுங்கள்.

மின்சாரம்

ஒரு ராத்திரிக் கணக்கு: ஹீட்டர் பத்து மணி நேரம், பற்றவைக்கும் நேரத்து இழுப்பும் சேர்த்து 20 ஆம்பியர்-மணி, விளக்கு 2, போன்களும் கேமராவும் 8. முப்பது. 100 ஆம்பியர்-மணி லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரி இரண்டு ராத்திரிக்கும் தாங்கும். இந்த வகை, பூஜ்யம் டிகிரிக்குக் கீழே மின்சாரம் கொடுக்கும், ஆனால் அந்தக் குளிரில் சார்ஜ் செய்தால் உள்ளே நிரந்தரமாகக் கெடும். குளிரில் சார்ஜை நிறுத்தும் பாதுகாப்பு உள்ளதையே வாங்கி, தொட்டியில் வைக்காமல் பின்சீட்டுக்கு அடியில் வைத்துக் கட்டுங்கள். காலையில் வண்டி ஓடிக் கேபின் சூடானபின் சார்ஜ் ஏறத் தொடங்கும்.

எஞ்சின் பேட்டரியிலிருந்து நேரே கம்பி இழுத்தால் போதாது, பி.எஸ்-6 வண்டிகளின் ஆல்டர்னேட்டர் பல நேரம் மின்னழுத்தத்தைக் குறைத்துவிடும். நடுவில் 25 அல்லது 30 ஆம்பியர் டி.சி.-டி.சி. சார்ஜர் வையுங்கள். கேபிள் 16 சதுர மி.மீ. செம்பு, இரண்டு பேட்டரியின் முனையிலிருந்தும் ஒரு சாண் தூரத்துக்குள் 40 ஆம்பியர் ஃபியூஸ். ஒரு முனையில் மட்டும் ஃபியூஸ் வைப்பது வழக்கமான தவறு, கம்பியின் இரு பக்கமும் மின்சாரம் உள்ளது என்பதை மறந்துவிடுகிறார்கள். கேபிளும் அதன் முனையில் மாட்டும் லக்கும் தில்லியின் பகீரத் பேலஸ் மின்சாமான் சந்தையில் கிடைக்கும். லக்கை அங்கேயே கருவியால் நசுக்கி வாங்குங்கள், பிளையரால் நசுக்கியது குலுக்கலில் தளர்ந்து சூடாகும்.

அடுப்பு

சமையல் எப்போதும் வெளியே, கேனோபிக் கதவின் நிழலில். பியூட்டேன் பூஜ்யத்தை ஒட்டிய குளிரிலேயே ஆவியாவதை நிறுத்திவிடும், அதனால் சாதாரண கேன் அடுப்பு காலையில் மினுக்கி அணையும். புரொப்பேன் கலந்த குளிர்கால கேன் வாங்குங்கள், இல்லாவிட்டால் கேனை இரவில் ஜாக்கெட்டுக்குள் வையுங்கள். 3,000 மீட்டரில் தண்ணீர் 90 டிகிரியிலேயே கொதித்துவிடும், திறந்த பாத்திரத்தில் பருப்பு வேகாது. 2 லிட்டர் குக்கர் போதும். வறுத்த ரவை, ரசப்பொடி, புளிக்காய்ச்சல் இருந்தால் பொழுது ஓடும். தண்ணீர் கேனை முக்கால் மட்டும் நிரப்பித் தலைகீழாக வையுங்கள். பனி மேலிருந்து உறையும், வாய் அடைபடாது.

டீசல், டயர், சங்கிலி

சமவெளியில் நிரப்பிய டீசலில் மெழுகு பிரியும் குளிர் மலையில் வரும். இந்தியத் தரப்படி குளிர்கால டீசலே 6 டிகிரி வரைதான் வடிகட்டியில் தடையின்றி ஓட வேண்டும் என்பது கட்டாயம். நடைமுறையில் அதைவிடக் கொஞ்சம் கீழேயும் தாங்கும், ஆனால் மைனஸ் பத்தில் நம்ப முடியாது. லடாக் போன்ற பகுதிகளுக்காக மைனஸ் 33 டிகிரி வரை உறையாத டீசலை இந்தியன் ஆயில் 2019-இல் கொண்டுவந்தது. அது கிடைக்காத வழியில் உறைதடுப்புக் கலவையை, டீசல் கலங்குவதற்கு முன்பே, அடிவாரத்தில் நிரப்பும்போதே ஊற்றுங்கள். மெழுகு கட்டிய பிறகு ஊற்றிப் பயனில்லை. லாரிக்காரர்கள் சொல்கிறார்களே என்று மண்ணெண்ணெய் கலக்காதீர்கள், பி.எஸ்-6 எஞ்சினின் உயர் அழுத்த பம்புக்கு வழுவழுப்புக் குறைந்து தேயும். ஹீட்டரின் தனி டாங்கிலும் அதே கலவையை ஊற்றுங்கள். அதன் குழாய் மெல்லியது, முதலில் அடைவது அதுதான்.

கூலன்டும் தண்ணீரும் பாதிக்குப் பாதி இருக்கிறதா என்று கிளம்புமுன் ஹைட்ரோமீட்டரால் பாருங்கள். கோடையில் யாராவது வெறும் தண்ணீர் சேர்த்திருப்பார்கள். கண்ணாடி கழுவும் நீரும் அப்படியே.

டயர் காற்றில் ஒரு வேடிக்கை உண்டு. தில்லியில் 20 டிகிரியில் 35 பி.எஸ்.ஐ. வைத்தால், மைனஸ் ஐந்து டிகிரிக் குளிர் நாலைந்து பி.எஸ்.ஐ. குறைக்கும். ஆனால் 3,000 மீட்டரில் வெளிக்காற்றழுத்தம் குறைவதால் மீட்டர் அதே அளவு கூட்டிக் காட்டும். இரண்டும் சரிக்குச் சரி. குளிர் என்று மேலே போய்க் காற்றடிக்கத் தேவையில்லை.

சங்கிலியை டயரின் பக்கச்சுவரில் உள்ள எண்ணைப் பார்த்து வாங்குங்கள். வீட்டு வாகன நிறுத்தத்திலேயே, கையுறை போட்டுக்கொண்டு, இரண்டு முறை மாட்டிக் கழற்றிப் பாருங்கள். குல்மர்க் அடிவாரமான டாங்மர்கிலோ சோலாங் பாதையிலோ போலீசார் சங்கிலி இல்லாமல் விடமாட்டோம் என்று நிறுத்தும் இடத்தில் முதல்முறையாகப் பொட்டலத்தைப் பிரிப்பவர்கள் விரல் விறைத்து நிற்பார்கள். ஒரே ஜோடி என்றால் இந்த வகை வண்டியில் பொதுவாகப் பின்சக்கரத்துக்கு, கையேட்டையும் பார்த்துக்கொள்ளுங்கள். மாட்டி நூறு மீட்டர் ஓட்டி, நிறுத்தி, மறுபடி இறுக்க வேண்டும். வேகம் 30-ஐத் தாண்டக் கூடாது, காய்ந்த தார் வந்ததும் கழற்றிவிட வேண்டும். 4×4 (நான்கு சக்கர) இழுப்பையும் காய்ந்த தாரில் போடாதீர்கள், கியர் அமைப்பு இறுகும்.

ஜோஷிமட்டிலிருந்து ஔலி ஏறும் பாதையில் வெயில் படாத வளைவுகளில் கண்ணுக்குத் தெரியாத பனிக்கட்டி இருக்கும். 2023 ஜனவரியில் நிலம் தாழ்ந்தபோது ரோப்வே நிறுத்தப்பட்டது, அதை நம்பித் திட்டம் போடாமல் சாலைக்குத் தயாராகப் போங்கள். ஏறுவது காலை பத்துக்குப் பிறகு, இறங்குவது மாலை மூன்றுக்குள். நிறுத்தும்போது முகப்பு வெளியே பார்க்கட்டும். கை பிரேக்கைப் போட்டுவைத்தால் ஈரத்தில் உறைந்து ஒட்டிக்கொள்ளும், கியரில் விட்டுச் சக்கரத்துக்கு மரக்கட்டை கொடுங்கள். வைப்பரைத் தூக்கி நிறுத்துங்கள்.

ஒத்திகை

தில்லி ஜனவரியில் வண்டிக்குள் ஓர் இரவு படுத்துப் பார்த்துவிட்டுத் திருப்தி அடையாதீர்கள், அது ஐந்தாறு டிகிரிக் குளிர்தான். முசூரிக்கு மேலே தனோல்டியில் ஓர் இரவு படுங்கள். ஹீட்டர் உயரத்தில் பற்றுகிறதா, அலாரம் பேசுகிறதா, இருட்டில் கையுறையோடு ஒவ்வொரு பொருளும் கைக்கு அகப்படுகிறதா என்று பாருங்கள். காலையில் கூரையைத் தடவுங்கள். சொட்டச் சொட்ட ஈரமிருந்தால் துவாரம் போதவில்லை. அங்கிருந்து அரை நாளில் வீடு திரும்பிவிடலாம், ஔலியில் அது முடியாது.

கோடையில்

மார்ச் முடிந்ததும் எல்லாவற்றையும் வெளியே எடுங்கள். மூடிய கேனோபிக்குள் மே மாத தில்லி வெயில் லித்தியம் பேட்டரியையும் பூட்ஸையும் ஸ்கீயின் பசையையும் ஒருசேரக் கெடுக்கும். பேட்டரியைப் பாதி சார்ஜில் வீட்டுக்குள் நிழலில் வையுங்கள், இரண்டு மாதத்துக்கு ஒருமுறை அளந்து பாருங்கள். ஸ்கீயின் அடிப்பகுதிக்கும் விளிம்புக்கும் கனமாக மெழுகு பூசிச் சுரண்டாமல் விட்டுவிடுங்கள், ஜூலை ஈரம் விளிம்பைத் தொடாது. பூட்ஸின் உள்ளுறை முழுதாகக் காய்ந்தபின் திரும்பப் போட்டு, பக்கிள்களைத் தளர்வாக மாட்டி வையுங்கள், ஓடு உருக்குலையாது. ஸ்லீப்பிங் பேக்கை அமுக்கிக் கட்டாமல் பெரிய பருத்திப் பையில் போடுங்கள். ஹீட்டர் டாங்கில் மிஞ்சிய டீசலை வடித்துவிட்டு, மாதம் ஒருமுறை கொஞ்சம் புது டீசலில் கால் மணி நேரம் ஓட்டுங்கள், மொட்டை மாடியில் வைத்தால் போதும்.